தக்காளி டைமர்: அலுவலகத்தில் கவனம் சிதறாமல் வேலை செய்வது எப்படி?

1980களின் இறுதியில் இத்தாலியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, பாடத்தில் மனம் பதியாமல் தவித்தார். தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றைத் திருகி வைத்து, மணி அடிக்கும் வரை மட்டும் படிப்பது என்று பழகினார். பொமோடோரோ (இத்தாலிய மொழியில் தக்காளி) முறை பிறந்தது அப்படித்தான். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற அளவில் இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் டைமர் வைப்பது எளிது. நடுவில் வரும் இடையூறுகளை என்ன செய்வது என்று இந்த முறை சொல்வதுதான் இதன் உயிர். அதை விட்டுவிட்டுத் தொடங்குவதால்தான் பலர் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுகிறார்கள்.

ஒரு தாள், பேனா, டைமர் போதும். கைப்பேசியை டைமராக வைக்காதீர்கள். நேரம் பார்க்க எடுக்கும் கை, வாட்ஸ்அப்பையும் திறந்துவிடும்.

படி 1: வேலையைப் பிரித்து எழுதுங்கள்

மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் "ஜிஎஸ்டி வேலை" என்று மட்டும் எழுதினால் எங்கே தொடங்குவது என்றே புரியாது. "கொள்முதல் பில்களை 2பி அறிக்கையுடன் ஒப்பிடுதல்" என்று எழுதி, பக்கத்தில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். (விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தரும் பட்டியல்தான் 2பி.) ஒரு கட்டம் என்பது 25 நிமிடம். ஒரு வேலைக்கு ஏழு கட்டங்களுக்கு மேல் தேவைப்பட்டால் அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கட்டம்கூட நிரம்பாத சில்லறை வேலைகளை ஒன்றாகச் சேருங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு நாளைக்கு ஆறு கட்டங்களே நல்ல அளவு.

படி 2: டைமரை ஓடவிடுங்கள்

மணி அடிக்கும் வரை அந்த ஒரு வேலை மட்டுமே. அடித்ததும் கட்டத்தில் பெருக்கல் குறி போடுங்கள். முன்னதாகவே முடிந்துவிட்டால் மீதி நேரத்தில் செய்ததைச் சரிபாருங்கள்.

படி 3: இடையூறுகளைக் குறித்துவையுங்கள்

இடையூறு இரண்டு வகை. முதல் வகை நமக்குள்ளிருந்தே கிளம்புவது. பில் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது "மின்கட்டணம் கட்டினோமா?" என்று தோன்றும். உடனே கட்டத்துக்கு அருகில் மேலே ஒரு சிறு கோடு போட்டு, தாளின் அடியில் "மின்கட்டணம்" என்று எழுதிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். எழுதிவிட்டால் மறந்துவிடுமோ என்ற பயம் இருக்காது. மனம் அதை விட்டுவிடும்.

இரண்டாவது வகை, மற்றவர்களால் வருவது. பக்கத்து இருக்கைக்காரர் வந்து, "சார், மே மாத லெட்ஜர் வேண்டுமே" என்கிறார். முகம் சுளிக்க வேண்டியதில்லை. "பதினொன்றேகாலுக்கு எடுத்துத் தருகிறேன், பரவாயில்லையா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். ஒரு கிடைக்கோடு போட்டு, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை தவறினால், அடுத்த முறை அவர் காத்திருக்க மாட்டார்.

மேலாளர் உடனே அழைத்தால் போகத்தான் வேண்டும். அப்போது அந்தக் கட்டம் ரத்து. பாதிக் கட்டம் என்ற கணக்கே இதில் கிடையாது. திரும்பி வந்து புதிதாகத் தொடங்குங்கள். வாடிக்கையாளரை நேரில் கவனிக்கும் கவுன்ட்டர் வேலைக்கு இந்த முறை பொருந்தாது.

படி 4: எழுந்து நடங்கள்

ஐந்து நிமிடமும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். நான்கு கட்டங்கள் முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு.

படி 5: மாலையில் தாளைப் பாருங்கள்

மூன்று கட்டம் என்று நினைத்தது ஐந்து ஆகியிருக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அடுத்த முறை ஐந்து என்றே எழுதுங்கள். கிடைக்கோடுகள் எந்த நேரத்தில் குவிகின்றன என்றும் கவனியுங்கள். பதினோரு மணிக்கு மேல் ஆட்கள் வந்துகொண்டே இருந்தால், கடினமான வேலையை அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 2பி அறிக்கை 14-ஆம் தேதி வருகிறது; 3பி எனப்படும் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குப் பொதுவாக 20-ஆம் தேதி கடைசி நாள். ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு ஐந்து கட்டங்கள் ஆகும் என்று தாள் காட்டிவிட்டால், 15-ஆம் தேதி காலையிலேயே அவற்றை ஒதுக்கிவிடுங்கள். விடுபட்ட பில்களைப் பற்றி விற்பனையாளர்களிடம் கேட்க அப்போதுதான் அவகாசம் இருக்கும்.