அன்னக்கூடைக்குள் அசென்ஷன் தீவு

லீவுக்கு அம்மாப்பேட்டை வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு நான் தீவைப் படத்தில் காட்டுவதில்லை, செய்யவே வைப்பேன். அதற்கு அட்லாண்டிக் நடுவிலுள்ள அசென்ஷன் அருமையான தீவு.

அகலமான அன்னக்கூடையில் ஒரு கருங்கல்லை வைத்து, ஏரிக் களிமண்ணை 18 சென்டிமீட்டர் உயரத்துக்கு அப்புங்கள். காயவிடாதீர்கள், காய்ந்த மண் தண்ணீர் பட்டதும் உதிர்ந்துவிடும். ஈரத்தோடேயே, ஓரமாக, மெதுவாக 14 சென்டிமீட்டர் வரை தண்ணீர் ஊற்றுங்கள். மேலே நிற்கும் நுனிதான் தீவு. கடலடியிலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் எழுந்து வரும் எரிமலையில் வெளியே தெரிவது 859 மீட்டர்தான். நம் ஏற்காட்டைவிடக் குட்டை!

உச்சிக்கு மட்டும் கிணற்றடிப் பாசி. கீழே வறண்ட எரிமலைக் கல், அதற்குச் செங்கல் பொடி போதும். மேற்குக் கரையில் மணல் தூவிப் புளியங்கொட்டைகளை வையுங்கள். பிரேசிலிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி முட்டையிட வரும் பச்சை ஆமைகள் அவை.

அப்புறம் கிழக்கே ஒரு கல், மேலே கோலமாவு: பறவை எச்சத்தால் வெளுத்த குட்டித் தீவு. வேறெங்கும் கூடு கட்டாத அசென்ஷன் ஃபிரிகேட் பறவைகள், பூனைகள் திரிந்த காலம் முழுக்க அங்கேதான் ஒதுங்கின. பூனைகளை அகற்றியபின், 2012-இல் பெரிய தீவிலும் கூடு கட்டின. அதனால் கல்லின்மேல் நிறைய மிளகு, பெரிய தீவின் கரையில் இரண்டு மூன்று.