டெர்மாய்டு கட்டி ரிப்போர்ட்டில் ‘தைராய்டு’: எப்படிப் படிப்பது?

ஓவரியில் எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘தைராய்டு திசு’ என்று இருந்தால், ரிப்போர்ட் யாருடையதோடோ மாறிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். அநேகமாக மாறியிருக்காது. இந்த வரிசையில் படித்துப் பாருங்கள்.

படி 1: கட்டியின் பெயர். டெர்மாய்டு என்று நாம் சொல்வதை ரிப்போர்ட்டில் ‘மெச்சூர் சிஸ்டிக் டெரடோமா’ என்று எழுதுவார்கள். முட்டையாக வேண்டிய செல்லிலிருந்து வளர்வதால் உள்ளே முடி, பல், கொழுப்பு எல்லாம் இருக்கும். தைராய்டும் அப்படி வந்ததுதான். இதில் புற்றுநோய் கிளம்புவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கே. ‘இம்மெச்சூர்’ என்றிருந்தால் அது வேறு நோய், இந்தப் பதிவு அதற்கு உதவாது.

படி 2: தைராய்டு எவ்வளவு? கட்டியில் பாதிக்கு மேல் தைராய்டு என்றால் ‘ஸ்ட்ருமா ஓவரி’ என்று பெயர். ஸ்ட்ருமா என்றால் லத்தீனில் கழுத்துக் கழலை. பெயர்தான் மிரட்டுகிறது, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே.

படி 3: ‘கார்சினோமா’, அதாவது புற்றுநோய், என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் அதற்கு முன்னால் உள்ள சொல்லைப் பிடியுங்கள். ‘ஸ்குவாமஸ்’ என்றால் தோல் வகைத் திசுவில் வந்தது. டெர்மாய்டில் வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதில். ‘பாப்பிலரி’ என்றால் தைராய்டு வகை. செல்லின் உட்கரு வெளிறி, கோடு விழுந்து இருப்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். ‘ஃபோலிகுலர்’ என்பதும் தைராய்டு வகைதான், ஆனால் அதுதான் தலைவலி. கழுத்தில் என்றால் கட்டி தன் உறையைத் துளைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். ஓவரியில் அப்படி ஒரு தெளிவான உறையே இருக்காது. பார்வைக்குச் சாதுவான தைராய்டு போலவே இருந்துகொண்டு வேறிடத்துக்குப் பரவியவையும் உண்டு. அதனால் இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாக எழுதினால் ஒருவர் தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

‘கார்சினாய்டு’ என்ற சொல்லைக் கார்சினோமா என்று படித்துவிட வேண்டாம், அது தனி வகை. அதில் சுரக்கும் ஒரு ஹார்மோனால் சிலருக்குக் கடும் மலச்சிக்கல் வரும். கட்டியை எடுத்ததும் சரியாகிவிடும்.

படி 4: ஸ்டெயின் வரிகள். எந்த வகைத் திசு என்று அறிய, செல்லில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனை இது. தைரோகுளோபுலின் (தைராய்டு சுரக்கும் புரதம்), டிடிஎஃப்-1 இரண்டும் பாசிட்டிவ் என்றால் தைராய்டு என்பது உறுதிப்படும். பாக்ஸ்-8 மட்டும் போதாது, ஓவரியின் சொந்தப் புற்றுநோய்களிலும் அது பாசிட்டிவ் ஆகும்.

படி 5: கட்டி முழுசாக வந்ததா, உடைந்ததா? அளவு, வெளிச்சுவர், வயிற்றில் வேறெங்காவது படிந்திருக்கிறதா, எல்லாம் பாருங்கள். சிகிச்சையை முடிவு செய்வதில் இந்த வரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை அளவு கூடியிருந்தால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். வயிற்றில் நீர் கோத்த சாதாரண ஸ்ட்ருமாவிலும் அது ஏறும்.

படி 6: டாக்டரிடம் கேட்பது. கழுத்துத் தைராய்டுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்றா? அங்கிருந்து ஓவரிக்குப் பரவியது அல்ல என்று தெரிய வேண்டும். கழுத்துத் தைராய்டையும் எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அது இருக்கும்வரை, மிச்சமிருக்கும் தைராய்டு வகைப் புற்றுநோயை அழிக்கக் கொடுக்கிற கதிரியக்க அயோடினை அதுவே இழுத்துக்கொள்ளும். தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனையை வைத்து நோய் திரும்புகிறதா என்று கண்காணிப்பதும் சிரமம். ஓவரிக்குள்ளேயே அடங்கிய சின்னக் கட்டிக்கு எல்லோருக்கும் இது தேவைப்படாது. குழந்தை வேண்டும் என்றால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளையும் வாங்கிச் செல்லுங்கள்.