டிஸ்டோப்பியா கதை எழுத: ஊருக்கு எதிராக ஒற்றை ஆளை நிறுத்துவது எப்படி?

டிஸ்டோப்பியா என்றால், மனிதனை நசுக்கும் ஒரு கற்பனைச் சமூகத்தைப் பற்றிய கதை. அதைப் புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் அரசாங்கத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். சர்வாதிகாரி, ராணுவம், தெருவெல்லாம் கேமரா என்று இரண்டு பக்கம் ஓடிவிடும், ஆனால் கதையின் ஆள் இன்னும் வந்திருக்க மாட்டான். அதையெல்லாம் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

முதலில், உங்கள் ஆள் கையால் செய்யக்கூடிய ஒரு சின்ன மீறலைத் தேடுங்கள். ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலில் (1949-இல் வந்தது) வின்ஸ்டன், பழைய சாமான் கடையில் ஒரு நோட்டு வாங்கி டைரி எழுதத் தொடங்குகிறான், அவ்வளவுதான். அந்த நாட்டில் சட்டம் என்றே எதுவும் இல்லாததால் அது குற்றமும் இல்லை, ஆனால் மாட்டினால் மரணம் அல்லது குறைந்தது 25 வருட உழைப்பு முகாம். செய்தியும் சொல்லி, ஆளையும் கண்காணிக்கும் திரையான டெலிஸ்கிரீனின் பார்வைக்கு எட்டாத ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து எழுதுகிறான். உங்கள் ஆளுக்கும் அப்படி ஒரு மூலை வேண்டும்.

அடுத்து, சுற்றியிருக்கும் மனிதர்கள். அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் போலீஸை விட, கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான் ஒருவனை அதிகம் தனிமைப்படுத்துகிறார். அதே நாவலில் வாரச் சாக்லேட் ரேஷன் 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறையப்போவதாக அறிவிக்கிறார்கள். மறுநாளே, 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி மக்கள் ஊர்வலம் போனதாக டெலிஸ்கிரீன் சொல்கிறது. கேன்டீனில் பார்சன்ஸ் அதை அப்படியே நம்புகிறான். அகராதி வேலை பார்க்கும் புத்திசாலி சைமும் நம்பிவிடுகிறான். நேற்று கேட்டது நமக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதா என்று வின்ஸ்டனுக்குத் தோன்றுகிறது. யாரும் அவனை மிரட்டவில்லை, அடிக்கவில்லை, ஆனாலும் சித்திரவதைக் காட்சிகளை விட இந்தச் சாப்பாட்டு மேசைதான் எனக்கு அதிக பயம் தந்தது.

அப்புறம், நாயகனை முதல் வரியிலேயே புரட்சிக்காரனாக்காதீர்கள். ஆர்வெலுக்கு முன்பே ரஷ்ய எழுத்தாளர் ஸமியாதின் எழுதிய 'நாம்' நாவலில், கண்ணாடிச் சுவர் வீட்டில் வாழும் டி-503 தன் அரசைப் புகழ்வதற்காகத்தான் எழுத உட்காருகிறான். ஒரு பெண்மேல் காதல் வந்த பிறகுதான் ஆட்டம் காண்கிறான். ஊரின் குரல் அவனுக்குள்ளேயும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் போராட்டம் வெறும் சண்டைக் காட்சியாகிவிடும்.

முடிவைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். முதலில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்: ஒரு மேசை, நான்கு பேர், மூன்று பேர் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு பொய். நான்காவது ஆள் வாயே திறக்கக் கூடாது, ஆனால் அவன் நம்பவில்லை என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.