ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில்: இங்கிலாந்தில் மெயின்டனன்ஸ் லோனுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

இங்கிலாந்தில் அரசின் மாணவர் கடன் அமைப்பான ‘ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து’, மாணவர்களுக்கு இரண்டு விதக் கடன் தருகிறது. கல்விக் கட்டணக் கடன் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதற்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தரும் மெயின்டனன்ஸ் லோன்தான் வருமானத்தைப் பொறுத்துக் கூடும், குறையும்.

மூத்தவளுக்கு ஒருமுறை விண்ணப்பித்துப் பழகியவர்களும் இளையவனின் முறை வரும்போது ஒரு விஷயத்தில் தடுமாறுகிறார்கள். இரண்டு பேர் படிக்கிறார்கள் என்பதற்காக உங்கள் வருமானத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கணக்கிலும் அதே வருமானம்தான் வந்து நிற்கும். பிள்ளைகளின் எண்ணிக்கைக்காகக் கிடைப்பது ஒரு சிறு கழிவு மட்டுமே. அதையும் படிவத்தில் காலியாக விட்டுவிடுபவர்கள் உண்டு.

கீழே உள்ள தொகைகள் 2025-26 கல்வியாண்டுக்கானவை. ஒவ்வோர் ஆண்டும் தொகை மாறும், கணக்கிடும் முறை இதுவே.

படி 1: தகுதியைப் பாருங்கள்

பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இருந்து, படிப்பு தொடங்கும் முன் மூன்று ஆண்டுகள் இங்கு வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அகதி அந்தஸ்து பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து வந்த பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கிடைக்காது.

படி 2: குடும்ப வருமானத்தைக் கூட்டுங்கள்

2025-26க்குப் பார்ப்பது 2023 ஏப்ரல் 6 முதல் 2024 ஏப்ரல் 5 வரையான வரியாண்டின் வருமானம். அந்த ஆண்டின் பி60 (வேலை கொடுப்பவர் தரும் ஆண்டுச் சம்பள, வரிச் சான்று), சுயதொழில் என்றால் வரிக்கணக்கு, இவற்றை எடுத்து வையுங்கள். வரி பிடிப்பதற்கு முந்தைய தொகைதான் கணக்கு, கைக்கு வந்த சம்பளம் அல்ல.

பெற்றோர் இருவரின் வருமானமும் சேரும். பிரிந்து வாழ்பவர்கள் என்றால், பிள்ளை பெரும்பாலும் யாரோடு இருக்கிறதோ அவருடையதும், அவரோடு வாழும் துணைவருடையதும் மட்டும். பிள்ளையின் பகுதிநேர வேலைச் சம்பளம் சேராது. ஆனால் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள வீட்டிலிருந்து வாடகை வந்தால் அது சேரும். பவுண்டுக்கு மாற்றிக் காட்ட வேண்டும்.

படி 3: கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

விண்ணப்பிக்கும் பிள்ளையைத் தவிர, உங்களைச் சார்ந்து வாழும் மற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,130 பவுண்டு கழியும். பள்ளியில் படிக்கும் கடைக்குட்டியும் கணக்கில் உண்டு, வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கும் மூத்தவரும் உண்டு. பெற்றோரில் ஒருவர் தானே மாணவராக இருந்தால் இன்னொரு 1,130. வரிச்சலுகை பெறும் தனியார் ஓய்வூதியத்துக்கு நீங்களாகக் கட்டிய பணத்தையும் கழிக்கலாம்; படிவத்தில் அதற்கென்று கேள்வி இருக்கிறது, தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 4: ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வரும்?

கழித்த பிறகு வருமானம் 25,000 பவுண்டு அல்லது அதற்குக் கீழ் என்றால் முழுக்கடன்: பெற்றோர் வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 8,877, லண்டனுக்கு வெளியே தங்கிப் படிப்பவருக்கு 10,544, லண்டனில் தங்குபவருக்கு 13,762. அதற்கு மேல் ஏறும் ஏறத்தாழ ஒவ்வொரு 6 பவுண்டு 60 பென்சுக்கும் கடனில் 1 பவுண்டு குறையும். எவ்வளவு சம்பாதித்தாலும் குறைந்தபட்சத் தொகை உண்டு: முறையே 3,907, 4,915, 6,853. இறுதியாண்டில் கோடை விடுமுறைக்குப் பணம் இல்லாததால் இவை எல்லாமே குறையும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெற்றோரின் வருமானம் 52,000. மூத்தவள் இரண்டாம் ஆண்டு, அடுத்தவன் முதலாம் ஆண்டு, இருவரும் லண்டனுக்கு வெளியே தங்கிப் படிக்கிறார்கள். மூன்றாவது பிள்ளை பள்ளியில். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மற்ற இருவருக்காக 2,260 கழிந்து 49,740 வரும். கடன் ஏறத்தாழ 6,800. கழிவைக் காட்டாமல் விட்டிருந்தால் ஆளுக்கு 340 பவுண்டு போல குறைந்திருக்கும்.

இப்போது முழுக்கடனுக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: ஒருவருக்கு 3,700 பவுண்டுக்கு மேல், இருவருக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,500. பெற்றோர் கொடுப்பார்கள் என்று அரசு எதிர்பார்க்கும் பங்கு இது. ஆனால் கடன் தொகையைச் சொல்லி வரும் கடிதத்தில் இப்படி ஒரு தொகையைப் போட்டுக் காட்டுவதில்லை. குடும்பங்களுக்கு இது தெரியாமலே போவது பெரிய அநியாயம். இளையவர் எந்த ஊரில் படிப்பது என்று முடிவெடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

படி 5: விண்ணப்பியுங்கள்

ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனிக் கணக்கு தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக இடம் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டாம். புதியவர்கள் மே நடுவிலும், தொடர்பவர்கள் ஜூனிலும் முடித்துவிட்டால் பணம் நேரத்துக்கு வரும்.

வருமானத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லி பிள்ளை தெரிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் குறைந்தபட்சத் தொகைதான். அடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு வரும். உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி, நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணையும் வருமான விவரத்தையும் கொடுங்கள். பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்பு எண் உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டு, இருவரின் விண்ணப்பத்தையும் முடித்தீர்களா என்று சரிபாருங்கள். புதியவனுக்குச் செய்துவிட்டு மூத்தவளை மறந்துபோவதுதான் அதிகம் நடக்கிறது.

தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு சிக்கல், பெயர். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முன்னால், வரித்துறைப் பதிவில் பின்னால், வங்கியில் வெறும் இனிஷியல் என்று இருந்தால் வருமானத்தைத் தானாகச் சரிபார்க்க முடியாமல் தாமதமாகும். வரித்துறையில் இருக்கும் வடிவத்தையே எழுதுங்கள்.

விவரங்களைப் பல்கலைக்கழகத்தோடு பகிரச் சம்மதம் கேட்கும் இடத்தில் பிள்ளையும் பெற்றோரும் ஆம் என்று குறியுங்கள். பல பல்கலைக்கழகங்கள் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையை இந்த வருமானக் கணக்கை வைத்தே தருகின்றன. லண்டனுக்கு வெளியே தங்கிப் படிப்பவருக்கு வருமானம் ஏறத்தாழ 62,000ஐ எட்டும்போது கடன் குறைந்தபட்சத் தொகைக்கு இறங்கிவிடும்; அதைச் சற்றுத் தாண்டினாலும் விவரம் கொடுங்கள். கழிவுக்குப் பிறகு எல்லைக்குள் வந்துவிடலாம்.

பெற்றோர் கையெழுத்துப் போடுவதால் இது உங்கள் கடன் ஆகிவிடாது. நீங்கள் ஜாமீனும் அல்ல. திருப்பிக் கட்டுவது பிள்ளைதான், அதுவும் சம்பளம் வரம்பைத் தாண்டினால் மட்டும்.

படி 6: வருமானம் விழுந்திருந்தால்

வேலை போய்விட்டது, நேரம் குறைந்துவிட்டது, ஓய்வு பெற்றுவிட்டார். நடப்பு வரியாண்டு வருமானம் பழைய ஆண்டைவிட 15 சதவீதமாவது குறையும் என்றால் நடப்பாண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடக் கேட்கலாம். படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். மதிப்பீட்டைக் குறைத்துச் சொல்லாதீர்கள்: ஆண்டு முடிந்ததும் உண்மைத் தொகையைக் காட்ட வேண்டும், அதிகமாக வாங்கியிருந்தால் பிள்ளையிடமிருந்து திரும்பப் பெறுவார்கள்.

படி 7: செப்டம்பருக்குப் பணம் வையுங்கள்

கடன் மூன்று தவணையாக, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். முதல் தவணை வர, பல்கலைக்கழகத்தில் பதிவு முடிந்திருக்க வேண்டும்; அதன் பிறகும் சில வேலைநாட்கள் ஆகும். விடுதி முன்பணமும் சில இடங்களில் முதல் மாத வாடகையும் அதற்கு முன்பே கட்டவேண்டியிருக்கும். இரண்டு பிள்ளைகள் ஒரே வாரத்தில் கிளம்பும் வீட்டில் அந்தப் பணம் இரண்டு மடங்காகத் தேவைப்படும்.