இளம் ஆய்வாளர் விருதுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயத் துடிப்பு மருத்துவ மாநாடுகளின் இளம் ஆய்வாளர் போட்டிக்கு அறிவிப்பு வந்துவிட்டால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள என் கிளினிக்கின் மேல்மாடி நிறைந்துவிடும். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து டாக்டரான பிள்ளைகள் ஒத்திகைக்கு வருவார்கள். எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வார்கள். எழுத்துப்பிழை, கடைசி நிமிடத்தில் அனுப்புவது போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. அவற்றை வீட்டில் அம்மாவே சொல்லிவிடுவார்.

விதிமுறையைப் படிக்காதது

வயது வரம்பா, பயிற்சி முடித்த ஆண்டுக் கணக்கா? படியுங்கள்.

சிறிய எண்ணிக்கைக்குக் கூசுவது

1998இல் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து மிஷேல் ஐசகேர் குழு வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 45 நோயாளிகள்தாம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று அது காட்டியது. அந்தத் துடிப்புகள் பரவாமல் தடுக்க இதயத் திசுவில் தழும்பு உண்டாக்கும் இன்றைய அபிலேஷன் சிகிச்சை அதன் மேல்தான் நிற்கிறது. கேள்வி கூர்மையாக இருந்தால் போதும்.

வராத நோயாளியை நலமானவர் என்று எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஒரு தம்பி, அபிலேஷன் செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஓராண்டு வரை நோய் திரும்பவில்லை என்று படம் போட்டுக் காட்டினார். எப்படிக் கண்காணித்தீர்கள் என்றேன். கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு ஒரு இசிஜி எடுத்தாராம்.

"வராதவர்கள்?"

"புகார் ஒன்றும் வரவில்லை டாக்டர். அதனால் நலம் என்று சேர்த்துக்கொண்டேன்."

காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டிய மனிதர், அன்றைய கூலியை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்து புகார் சொல்வாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனேன். "நலம்" பட்டியலில் இருந்த ஒருவர், செம்பனைக் குலை அறுப்பவர், தேநீர் கொடுத்து உபசரித்தார். நாடியைப் பிடித்தால் தாறுமாறாக ஓடுகிறது. இசிஜியிலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். வெயில் அசதி என்று நினைத்திருந்தாராம். நலமாகிவிட்டதே என்று இரத்த உறைவு தடுப்பு மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். அந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அபிலேஷன் வெற்றி என்று கோப்பில் எழுதியதாலேயே அதை நிறுத்திவிட முடியாது.

நோயாளிக்குத் தெரியாமலே நோய் திரும்புவது அபூர்வமல்ல. 2013இல் வெளியான டிஸ்சர்ன் ஏஎஃப் ஆய்வில் 50 பேருக்குத் தோலுக்கடியில் கண்காணிப்புக் கருவி வைத்தார்கள். அறிகுறி தரும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் அறிகுறியே இல்லாதவை அபிலேஷனுக்கு முன் 1.1, பின் 3.7. அதாவது சிகிச்சைக்குப் பிறகு நோயாளியின் சொல்லை மட்டும் நம்புவது இன்னும் ஆபத்து.

ஆகவே எத்தனை பேருக்கு, எந்தெந்த மாதத்தில், எத்தனை நாள் ஹோல்டர் (உடலில் மாட்டிக்கொண்டு இசிஜியைத் தொடர்ந்து பதியும் கருவி) மாட்டினீர்கள் என்பதை முதல் அட்டவணையிலேயே போடுங்கள். ஒழுங்கற்ற துடிப்பு 30 விநாடிக்கு மேல் பதிவானால் நோய் திரும்பியது என்பதே வழக்கமான வரையறை. அதை உங்கள் வசதிக்கு வளைக்காதீர்கள். தொடர்பு அறுந்தவர்களைத் தனி வரியில் காட்டுங்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்பதே நல்ல ஆய்வாகலாம், ஆனால் அதற்கு லயத்துக்குப் போய்வர வேண்டும். தம்பி திருத்த மறுத்து அப்படியே மேடையேறினார். நடுவரின் முதல் கேள்வி கண்காணிப்பைப் பற்றித்தான். அத்தோடு முடிந்தது.

டெக்னீஷியன் பெயரை விடுவது

விடாதீர்கள். ஹோல்டர் பதிவை உட்கார்ந்து படித்தவர் அவர்.

பழைய கணக்கிலேயே நிற்பது

அபிலேஷனுக்குப் பிந்தைய முதல் 3 மாதங்களில் வருவதை நோய் திரும்பியதாகச் சேர்ப்பதில்லை என்று இன்னும் எழுதுகிறார்கள். 2024இல் வந்த பன்னாட்டு இணக்க அறிக்கை அந்தக் காலத்தை 8 வாரமாகக் குறைத்துவிட்டது. உங்கள் ஆய்வு அதற்கு முன்பே தொடங்கியது என்றால், ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நடுவர் கேட்ட பிறகு சொன்னால் மழுப்பலாகத்தான் தெரியும்.