உரிமம் பெயருக்கு அல்ல, பதிப்புக்கு: வலை ஃபிரேம்வொர்க் கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த இருவரின் நிரலை அண்மையில் சரிபார்க்க உட்கார்ந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் கையைச் சுட்டுக்கொண்ட அதே தவறு அதே வடிவில் திரையில் கிடந்தது. திட்டம் பயன்படுத்தும் கருவிகளைப் பட்டியலிடும் பேக்கேஜ் கோப்பில், ஓர் அட்டவணைக் கருவியின் பெயருக்கு எதிரே பதிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதியிருந்தார்கள். அதன் உரிமம் என்னவென்று கேட்டேன். “ரியாக்ட் எம்ஐடிதானே சார்” என்று பதில் வந்தது. ரியாக்ட் திரைகளைக் கட்டும் கருவி, எம்ஐடி என்பது வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் தாராளமான உரிமம். ஆனால் நான் கேட்டது அட்டவணைக் கருவியைப் பற்றி, ரியாக்டைப் பற்றி அல்ல.

உரிமக் கோப்பைத் திறந்தே பார்க்காதவர்களையும், உரிமமே இல்லாத ரெபோவிலிருந்து (நிரல் சேமிப்பிடத்திலிருந்து) நிரலை அள்ளி ஒட்டுபவர்களையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவர்களுக்குச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உரிமத்தைப் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பவர்கள் செய்யும் தவறுகளே இங்கே பேசுபொருள்.

ஒருமுறை பார்த்த உரிமம் என்றைக்கும் அதுதான் என்று நம்புவது

உரிமம் ஒரு கருவியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதன் ஒவ்வொரு பதிப்போடும் தனித்தனியாக வருகிறது. ரியாக்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளிவந்தது, 2014-இல் பிஎஸ்டி உரிமமும் காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய தனி இணைப்பும் சேர்ந்த ஒன்றுக்கு மாறியது. அந்தச் சேர்க்கையைத் தன் திட்டங்களில் பயன்படுத்தக் கூடாது என்று அப்பாச்சி அறக்கட்டளை 2017 ஜூலையில் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 16-ஆம் பதிப்பு எம்ஐடி உரிமத்தோடு வந்தது. எக்ஸ்ட் ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க் 2008-இல், பிரதியைப் பெறுபவருக்கு மூலநிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறியபோது அதை நம்பியிருந்தவர்களிடையே பெரும் சச்சரவு எழுந்தது. டைனிஎம்சிஇ எடிட்டரின் 6-ஆம் பதிப்பு எம்ஐடி. 2024-இல் வந்த 7-ஆம் பதிப்பு ஜிபிஎல் அல்லது வணிக உரிமம். பெயர் மாறவில்லை, நிறுவும் கட்டளையும் மாறவில்லை.

எனக்கு நேர்ந்ததும் இதுதான். ஒரு வாடிக்கையாளரின் கணக்குத் திரைக்காக ஓர் அட்டவணைக் கருவியைத் தேர்ந்தெடுத்தபோது அது எம்ஐடி உரிமத்தில் இருந்தது. அதை நானே படித்துப் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து, நிறுவும்போது ஏதோ முரண்பாடு வந்ததென்று குழுவில் ஒருவர், நிறுவிய துல்லியமான பதிப்புகளைப் பதிந்து வைத்திருக்கும் லாக் கோப்பை அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி நிறுவினார். ‘லேட்டஸ்ட்’ என்று எழுதியிருந்ததால் புதிய முதன்மைப் பதிப்பு சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தது. திரையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. உரிமச் சாவி இல்லை என்று பிரவுசர் கன்சோலில் மட்டும் ஒரு வரி வந்தது. கருவியின் ஆவணத்தில் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்த சாவியை எடுத்துப் போட்டோம், எச்சரிக்கை மறைந்தது. ‘வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு’ என்பதுதான் அந்தச் சாவியாக எழுத வேண்டிய சொற்றொடரே. ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குத் திரைக்குள் அதை எங்கள் கையாலேயே எழுதி வைத்தோம்.

அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பின்னர் நிரலைத் தணிக்கை செய்தபோது அந்தச் சொற்றொடர் அவர்கள் கண்ணில்பட்டது. பழைய எம்ஐடி பதிப்புக்குத் திரும்பிவிடலாம் என்றால், அதற்குள் புதிய பதிப்பில் மட்டுமே இருந்த வசதிகளை நம்பி நாங்கள் நிறைய எழுதியிருந்தோம். மூன்று வாரம் ஊதியமில்லாமல் உட்கார்ந்து வேறொரு கருவிக்கு மாற்றி எழுதினோம். இன்றும் என்னை எரிச்சலூட்டுவது அந்தக் கருவியை எழுதியவர்கள் அல்லர். வெளியீட்டுக் குறிப்பின் முதல் பத்தியிலேயே உரிம மாற்றத்தைச் சொல்லியிருந்தார்கள். எந்தச் செயல்கூறு உடையும் என்று தேடி, அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்ப் படித்தது நான்தான்.

இப்போது செய்வது இவ்வளவுதான்: பதிப்பு எண்ணைத் துல்லியமாக எழுதுகிறோம், லாக் கோப்பை ரெபோவில் வைத்து, பில்டில் (வெளியிடும் கோப்புகளை உருவாக்கும்போது) அதை அப்படியே பின்பற்றும், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையைப் பயன்படுத்துகிறோம், நாங்கள் ஒப்புக்கொண்ட உரிமங்களின் பட்டியலில் இல்லாத ஒன்று சார்புகளில் எங்கே தென்பட்டாலும் பில்டை நிறுத்திவிடும் ஒரு சோதனையையும் சேர்த்திருக்கிறோம். நேரடியாக நிறுவுவது இருபது பேக்கேஜ் என்றாலும் அவற்றின் பின்னால் நூற்றுக்கணக்கானவை வரும் என்பதால், அதைக் கண்ணால் பார்த்துச் செய்ய நினைப்பது வீண்.

“சர்வரில்தானே ஓடுகிறது” என்று ஜிபிஎல்லை ஒதுக்கிவிடுவது

ஜிபிஎல்லின் கடமைகள் பிரதியைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் தொடங்கும் என்பதும், உங்கள் சர்வருக்குள்ளேயே ஓடும் நிரல் அதில் வராது என்பதும் சரியே. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு பயனரின் பிரவுசருக்குப் போய்ச் சேருகிறது. அது பிரதியைக் கொடுப்பதுதான். 2007-இல் வந்த ஏஜிபிஎல் 3 இன்னும் ஒரு படி மேலே போய், மாற்றியமைத்த நிரலை வலை வழியே பயன்படுத்துவோருக்கும் மூலநிரலைத் தர வேண்டும் என்கிறது. அங்கே சர்வர் என்ற சாக்கும் எடுபடாது.

சுருக்கும்போது உரிமக் குறிப்பையும் சுருக்கிவிடுவது

எம்ஐடி உரிமம் கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமைக் (காப்பிரைட்) குறிப்பும் அனுமதிக் குறிப்பும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும். நிரல் கோப்புகளை ஒன்றுசேர்த்துச் சுருக்கும் வெப்பேக் 5 அவற்றைத் திரட்டி, பில்டின் அருகில் உரிமம் என்ற பெயரில் ஓர் எழுத்துக் கோப்பாக வைக்கிறது. அதைக் குப்பை என்று நினைத்து, சர்வரில் ஏற்றும் முன் அழித்துவிடுகிறார்கள்.

‘அன்லைசென்ஸ்’, ‘அன்லைசென்ஸ்டு’ இரண்டும் ஒன்றென்று நினைப்பது

முன்னது எல்லா உரிமையையும் பொதுவுக்கு விட்டுக்கொடுப்பது. பின்னது, என்பிஎம் வழக்கில், எந்த உரிமையும் தரவில்லை என்பது.

நட்சத்திரங்களை எண்ணுவது

கிட்ஹப்பில் ஒரு கருவிக்குப் பயனர்கள் போட்ட நட்சத்திரங்களை எண்ணாதீர்கள், கடைசி வெளியீட்டின் தேதியைப் பாருங்கள்.

ஆதரவுக்கும் முடிவுத் தேதி உண்டு என்பதை மறப்பது

உரிமத்தைப் போலவே ஆதரவும் பதிப்புக்குத்தான். வியூ ஃபிரேம்வொர்க் இன்றும் உயிரோடு இருக்கிறது. வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆங்குலர் ஃபிரேம்வொர்க்கின் புதிய பதிப்புகள் தொடர்ந்து வருகின்றன. பழைய ஆங்குலர்ஜேஎஸ் 2021 முடிவோடு நின்றுவிட்டது. பைத்தான் மொழிக்கான ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். ஐந்து ஆண்டு ஓட வேண்டிய திட்டத்துக்குக் கருவி தேர்ந்தெடுக்கும்போது, இந்தத் தேதிகளை எழுதி வைத்துக்கொண்டே விலை பேசுவேன்.

தன்னார்வலரிடம் சேவை மையத்தை எதிர்பார்ப்பது

எம்ஐடி உரிமத்தின் கடைசிப் பத்தி, மென்பொருள் உள்ளது உள்ளபடியே, எந்த உத்தரவாதமும் இல்லாமல் தரப்படுகிறது என்று பெரிய எழுத்துகளில் சொல்கிறது. இதைப் படித்த பிறகும், ஒரு ஃபிரேம்வொர்க்கின் பராமரிப்பாளர்களுக்கு நான் ஒருமுறை “மிக அவசரம், வாடிக்கையாளர் காத்திருக்கிறார்” என்று தலைப்பிட்டு ஒரு வழுவைப் பதிந்தேன். பதிப்பு எண்ணும் இல்லை, பிழைச்செய்தியும் பாதி. பதில் வராததால் கோபத்தோடு திட்டத்தைப் பிரித்து, வழு வருவதற்குத் தேவையான நிரலை மட்டும் மிச்சம் வைத்தபோது இருபது வரி தேறியது. அதைத் தனி ரெபோவாக்கி, பதிப்பு எண்களோடு புதிதாகப் பதிந்தேன். மறுநாள் காலையில் இரண்டு வரித் திருத்தத்தோடு பதில் வந்திருந்தது. முதலில் பதிந்ததை, இன்னொன்றின் நகல் என்று குறித்து மூடியிருந்தார்கள்.