டேங்க் மேல் பிளேடு வைக்காதீர்கள்: பைக்குக்கு பிபிஎஃப் ஒட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்குக்கு பிபிஎஃப், அதாவது பெயின்ட்டைக் காக்கும் ஒளி ஊடுருவும் ஃபிலிம், ஒட்டக் கற்றுக்கொள்ளும் பசங்கள் கோயம்புத்தூரில் இப்போது நிறையப் பேர். போனில் நாலு வீடியோ பார்ப்பது, ஆன்லைனில் ஒரு ரோல் வாங்குவது, வீட்டு போர்டிகோவிலேயே நண்பனின் வண்டியில் கை வைப்பது. அதில் தப்பே இல்லை, இந்தத் தொழிலுக்கு நாங்களும் அப்படித்தான் வந்தோம். ஆனால் பாதியில் மாட்டிக்கொண்டு எங்கள் கடைக்குத் தள்ளிக்கொண்டு வரும் வண்டிகளைப் பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள்.

தூசியில் ஒட்டாதே, வெயிலில் ஒட்டாதே, டேங்கை நன்றாகக் கழுவு என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. ஒருமுறை ஒட்டிப் பார்த்தாலே அது புரிந்துவிடும். ஒட்டும்போது தெரியாமல், பின்னால் காசைத் தின்னுகிற தவறுகள்தான் இங்கே.

பிவிசியை டிபியு என்று நம்பி வாங்குவது

நல்ல பிபிஎஃப் டிபியு என்கிற பிளாஸ்டிக்கில் செய்தது, பிவிசி அதைவிட மட்டம். ரோலின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பாருங்கள். டிபியு ரப்பர் மாதிரி நீண்டு, விட்டதும் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துவிடும். பிவிசி முரண்டு பிடிக்கும், இழுத்தால் இழுத்தபடி நிற்கும். கீறல் தானாக மறையும் என்று போட்டிருந்தால், துண்டின் மேல் மெல்லிய கீறல் போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். மறைய வேண்டும்.

இதிலும் ஒரு உள்குத்து இருக்கிறது. டிபியுவிலேயே அரோமேட்டிக், அலிஃபேட்டிக் என்று இரண்டு வகை. அரோமேட்டிக் விலை குறைவு, இழுத்தால் நன்றாகவே நீளும், வெந்நீர்ச் சோதனையிலும் தேறலாம். ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும். கையால் தொட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த வகை என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். மஞ்சளாவதற்கு வாரண்டி உண்டா என்று கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் அடுத்த கடை.

டேங்க் மேலேயே பிளேடால் வெட்டுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் கூட வந்தவை.

வீடியோவில் பார்க்க ஜோராக இருக்கும். ஃபிலிமை டேங்க் மேல் விரித்து, ஸ்க்வீஜி என்கிற ரப்பர் தகட்டால் தண்ணீரைத் தள்ளி, பெட்ரோல் மூடியைச் சுற்றி பிளேடை ஒரே இழுப்பில் ஓட்டி, மிச்சத்தை உரித்து எடுப்பார்கள். பின்னணியில் ஒரு குத்துப் பாட்டு வேறு. பார்க்கிற பையனுக்கு அதுதான் கைத்திறமை என்று மனதில் பதிந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். நல்ல ஃபிலிம் பசையோடு சேர்த்து 200 மைக்ரானுக்குப் பக்கம் வரும். அதன் கீழே, பெயின்ட் நிறத்துக்கு மேல் பூசியிருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், சராசரித் தலைமுடியைவிட மெல்லியது. 200-ஐ முழுசாக அறுக்கிற அழுத்தத்தை, கீழே உள்ள 40-ஐத் தொடாமல், வளைந்து நெளிந்து போகிற டேங்க் முழுக்க ஒரே சீராகக் கொடுக்கிற கை யாருக்கு இருக்கிறது? வாழை இலையில் வைத்துக் காய் நறுக்கிவிட்டு, இலையில் கீறல் விழாது என்று சொல்வது போலத்தான் இது.

கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "லேசாத்தானுங்ணா வெச்சேன்." லேசாக வைத்தால் ஃபிலிம் முழுசாக அறுபடாது. அறுபடாத இடத்தில் பிளேடை இரண்டாம் முறை ஓட்டுவீர்கள், அந்த ஓட்டம் நேராகப் பெயின்ட்டில்தான் இறங்கும்.

இதில் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், அன்றைக்கு எதுவும் தெரியாது என்பதுதான். டேங்க் ஈரமாக இருக்கும், கீறல் சரியாக ஃபிலிமின் ஓரக் கோட்டிலேயே ஒளிந்திருக்கும், கஸ்டமர் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். ஒட்டியவனும் தன் வேலை நன்றாக வந்ததாகவே நினைத்து அடுத்த வண்டியிலும் அதையே செய்வான். ஃபிலிமைக் கழற்றுகிற நாள்வரை யாருக்கும் எதுவும் புரியாது.

அப்படிக் கழற்றிய ஒன்றைச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பையன், 650 சிசி வண்டி, கருநீல டேங்க். வேறு எங்கோ ஒட்டிய ஃபிலிம் மஞ்சளாகிவிட்டது, கழற்றிவிட்டுப் புதுசு போட வேண்டும் என்று வந்தார். சூடு காட்டி மெதுவாக உரித்தோம். லோகோவைச் சுற்றி ஒரு கோடு. முழங்கால் படும் இடத்தில் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. மூடியைச் சுற்றி வட்டமாக ஒன்று, அதில் பிளேடைத் திருப்பிய முனையில் தகரம்வரை இறங்கி, உள்ளே துருப்பிடித்துப் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. பையன் எங்களைத்தான் பார்த்தார். "நீங்க உரிக்கறப்பதானுங்ணா கீறிருக்கும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அவர் கண்முன்னால் கீறல் வெளியே வந்தது எங்கள் கையில்தானே. உரித்த ஃபிலிமை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துக் காட்டினோம். ஒவ்வொரு ஓரமும் கீறல் மேல் அச்சாகப் போய் உட்கார்ந்தது. துருவையும் காட்டினோம், அரைமணி நேரத்தில் இரும்பு துருப்பிடிக்காது. ஒத்துக்கொண்டார், ஆனால் அதனால் டேங்க் சரியாகிவிடுமா? நகம் மாட்டுகிற ஆழத்தில் கீறல் இருந்தால் பாலிஷ் உதவாது. பாலிஷ் என்பதே சுற்றிலும் இருக்கிற கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பதுதான், மிச்சமிருக்கும் கொஞ்சமும் போய்விடும். டேங்கைக் கழற்றி முழுசாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். மெட்டாலிக் நிறம் பக்கத்துப் பேனலோடு ஒத்துப்போக வேண்டும், ஸ்டிக்கர் இருந்தால் அதையும் தேடிப்பிடிக்க வேண்டும், எல்லாம் முடிந்தும் உடனே புது ஃபிலிம் ஒட்ட முடியாது. முதலில் ஒட்டிக்கொடுத்தவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். வாரண்டி ஃபிலிமுக்குத்தான், பெயின்ட்டுக்கு இல்லை என்று பதில். பெயின்ட்டைக் காப்பாற்றத்தானே ஐயா ஃபிலிம் ஒட்டினார்?

அதற்குப் பிறகு வேறு யாரோ ஒட்டிய ஃபிலிமைக் கழற்றுவதானால் கஸ்டமர் எதிரில் நிற்க வேண்டும், முதல் இழுப்பிலிருந்தே வீடியோ எடுப்போம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சரி, வெட்டாமல் எப்படி ஒட்டுவது? முதல் வழி, அந்த மாடலுக்கென்றே மெஷினில் வெட்டி வரும் செட். ஓரத்தில் 2 மில்லிமீட்டர் பெயின்ட் தெரியும், அவ்வளவுதான். செட் கிடைக்காத வண்டிக்கு மாஸ்கிங் டேப்பும் பேப்பரும் போதும். டேங்க் முழுக்க டேப் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் அளவைக் குறித்து, டேப்பை மொத்தமாக உரித்துப் பேப்பரில் ஒட்டி, அந்த அச்சை வைத்து ஃபிலிமை மேஜையில் வெட்டுங்கள். முதலில் பேப்பரையே டேங்கில் வைத்துப் பாருங்கள், பேப்பர் தப்பானால் பேப்பர்தான் நஷ்டம். நூல் வைத்த டேப்பும் இருக்கிறது, ஃபிலிமுக்கு அடியில் ஒட்டிவைத்து நூலை இழுத்தால் அதுவே அறுத்துக்கொண்டு வரும். தடித்த ஃபிலிமைத் தாங்குமா என்று துண்டில் சோதித்துவிட்டு நம்புங்கள்.

பிளேடே கூடாதா என்றால், பெயின்ட் இல்லாத இடத்தில் கூடும். பெட்ரோல் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் ஃபிலிமை ஓட்டை விளிம்புவரை கொண்டுபோய், உள்பக்கத்தில் காற்றில் தொங்குகிற மிச்சத்தை வெட்டலாம், மூடியைத் திரும்பப் போட்டால் அந்த விளிம்பு மறைந்துவிடும். சீட்டைக் கழற்றினால் டேங்கின் பின்பக்கமும் அப்படித்தான். டேங்க் திறந்திருக்கும்போது ஹீட் கன் பக்கத்திலேயே வரக்கூடாது, வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், கழற்றுகிற போல்ட்டும் உள்ளே விழாது. பிளேடு முனையை அடிக்கடி ஒடித்துப் புதுசாக்குங்கள். மழுங்கிய பிளேடுதான் கையை அழுத்தச் சொல்லும்.

கஸ்டமராக இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று. அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளியைப் பார்த்து "ஓரம் தெரியுதே" என்று முகம் சுளிக்கிறீர்கள். அந்த முகத்துக்குப் பயந்துதான் பசங்கள் பிளேடை எடுக்கிறார்கள்.

புதுப் பெயின்ட் மேல் ஒட்டுவது

தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். உள்ளே தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும், மேலே ஃபிலிம் போட்டு மூடினால் போக வழியில்லாமல் குமிழி கட்டும். ரீபெயின்ட் செய்த டேங்குக்குக் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள், பூத் சூடு இல்லாமல் காற்றில் காயவிட்டது என்றால் இன்னும் கூட. பட்டி பார்த்த டேங்க் என்றால் எத்தனை மாதம் விட்டாலும் ஒரு ஆபத்து உண்டு. பின்னால் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம். ஒட்டும் முன்பே கஸ்டமரிடம் சொல்லிவிடுங்கள், அப்புறம் சொன்னால் சாக்கு மாதிரித்தான் இருக்கும்.

புல்லட் டேங்கில் கையால் வரைந்த கோடு இருக்குமே, அதன் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். மேடு தட்டினால், உரிக்கும்போது கோடும் சேர்ந்து வரலாம், அந்தக் கோட்டை விட்டுவிட்டு ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

மேட் டேங்கில் பளபள ஃபிலிம்

பளபளப்பில்லாத அந்த மேட் தோற்றம் போய்விடும். மேட்டுக்கு மேட் ஃபிலிம்.

செராமிக் கோட்டிங் முதலில், ஃபிலிம் அப்புறம்

தலைகீழ். வழுக்குகிற கோட்டிங்கில் பசை சரியாகப் பிடிக்காது.

போர் தண்ணியில் ஒட்டுவது

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, வீட்டில் சிறுவாணிக் குழாய் ஒன்று, உப்புத் தண்ணிக் குழாய் ஒன்று. பக்கெட் காருக்கும் பைக்குக்கும் உப்புத் தண்ணிக் குழாயைத்தான் தேடிப் போகும். ஒட்டும்போது தெளிக்கிற ஷாம்புத் தண்ணியை அதில் கலந்து அடித்தால் ஃபிலிமுக்கு அடியில் தண்ணீர் வற்றியதும் உப்பு வெள்ளையாகத் தங்கும், வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், ஒரு டேங்குக்கு என்ன பெரிய செலவு. லிட்டருக்குச் சில சொட்டு பேபி ஷாம்பு போதும். நுரைக்க நுரைக்க ஊற்றினால் ஃபிலிம் வழுக்கிக்கொண்டே இருக்கும், பசை பிடிக்க நாளாகும். ஓரங்களைப் பிடிக்கவைக்க மட்டும், தண்ணீரில் நாலில் ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து தனி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவு வந்தால் இழுப்பது

டேங்க் இரண்டு பக்கமும் வளைகிற சாமான். சுருக்கம் வந்ததும் ஹீட் கன்னைக் காட்டி இழுத்துவிட்டால் அந்த நேரத்துக்குப் படிந்துவிடும், வண்டி வெயிலில் நிற்கும்போது ஃபிலிம் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், ஓரம் எழும்பும். ஒரே துண்டாக ஒட்டியே தீருவேன் என்கிற பிடிவாதத்தை விடுங்கள். மேலே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று துண்டாகப் பிரித்து, டேங்கில் ஏற்கனவே இருக்கும் நிறக்கோட்டிலோ மடிப்பிலோ இணைப்பை மறைத்தால் யார் கண்ணிலும் படாது. பல வண்டிகளில் டேங்க் மாதிரித் தெரிவது பிளாஸ்டிக் கவர்தான், ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் அது நெளிந்துவிடும்.

முழு வண்டியையும் மூடுவது

என் அபிப்பிராயம், தேவையில்லை. கடைக்காரன் நானே சொல்கிறேன். பைக்கில் பெயின்ட் போவது குறிப்பிட்ட சில இடங்களில்தான்: முழங்கால் உரசும் டேங்க் பக்கங்கள், பெல்ட் பக்கிளும் ஜாக்கெட் ஜிப்பும் இடிக்கும் டேங்கின் பின்முனை, சாவிக்கொத்தில் தொங்கும் பிள்ளையார் ஆடி ஆடித் தேய்க்கும் ஹேண்டில் பக்கம், பின்னால் உட்காருகிறவர் காலைத் தூக்கிப்போடும்போது செருப்பு படும் டெயில் பேனல், கல் தெறிக்கும் முன் மட்கார்டு. இந்த இடங்களுக்கு நல்ல ஃபிலிமாகப் போடுங்கள். அதே பணத்தில் மட்டமான ஃபிலிமால் வண்டி முழுக்கப் போர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல். மீட்டர் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள், காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தே அதைக் கீறிவைத்திருப்போம்.

குமிழியை ஊசியால் குத்துவது

குத்தாதீர்கள். தண்ணீர்க் குமிழி சில நாளில் தானே வற்றும்.

ஒட்டிய கையோடு பூஜை, வாட்டர் சர்வீஸ்

புது வண்டி என்றால் கோயில் வாசலில் மஞ்சள், சந்தனம், குங்குமம் எல்லாம் டேங்கில்தான் ஏறும். ஃபிலிமில் மஞ்சள் கறை பிடிக்கும். பூஜையை முடித்துவிட்டு ஒட்ட வாருங்கள், இல்லையென்றால் பொட்டை ஹெட்லைட் கண்ணாடியில் வையுங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஏற்கனவே கறை பட்டுவிட்டதா, தின்னர் போட்டுத் தேய்க்காமல் வெயிலில் நிறுத்துங்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். குங்குமத்துக்கு அந்த உத்தரவாதம் தரமாட்டேன்.

முதல் ஒரு வாரம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். அதற்கப்புறமும் வாட்டர் சர்வீஸில் விட்டால் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் சொல்லுங்கள். டேங்க் மேல் டீசல் அடிக்கக்கூடாது, ஓரத்தில் புகுந்து பசையை இளக்கிவிடும். பிரஷர் கன்னை ஃபிலிம் ஓரத்துக்கு நேராகக் கிட்டத்தில் பிடிக்கக்கூடாது.

பங்க்கிலும் அப்படித்தான். நாசில் தானாக நின்ற பிறகும் ரூபாயை ரவுண்டாக்க இன்னும் இரண்டு அமுக்கு அமுக்குவார்கள், அந்தக் கடைசிச் சொட்டுகள் மூடியைச் சுற்றி வழிந்து ஃபிலிம் ஓரத்தில் போய் நிற்கும். நாசில் முதலில் நின்றதுமே நிறுத்தச் சொல்லுங்கள், பாக்கெட்டில் ஒரு துணி வைத்திருங்கள்.